மடியில் வைத்தால் அணைந்துவிடும்

"இதை உடைச்சாவது உள்ள இருக்கதை எடுத்துக் குடுங்க மேடம்."

அந்தப் பெண் லேப்டாப்பை மேஜைமேல் வைத்த வேகத்தில் ஜோசபினின் டீ கிளாஸ் துள்ளி ஓரத்துக்குப் போனது.

"அந்த அச்சுதன் பய ஜெயில்ல களி திங்கணும். அதை நான் என் கண்ணால பாக்கணும். அதுக்கப்புறம் எனக்கு என்ன ஆனாலும் சரி."

கட்கி பஜாரில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்தது ஜோசபினின் துப்பறியும் அலுவலகம். கீழே பன் வேகும் நேரத்தில் படியேறி வருகிற யாருக்கும் கோபம் பாதி இறங்கிவிடும். இந்தப் பெண்ணுக்கு இறங்கவில்லை. ஜூலை மழையில் நனைந்த புடவையைப் பிழியக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

ஜோசபின் கிளாஸைப் பத்திரமான இடத்துக்கு நகர்த்தினாள். ஐம்பதைத் தாண்டியவள், நரைக்கு மை பூசாதவள். இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் பொய் கிளெய்ம்களைப் பிடித்துப் பிடித்து, பொய் சொல்கிறவர்களை விடப் பொய்யை நம்புகிறவர்கள்மேல் அவளுக்கு அதிகக் கோபம் வந்து, வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகத் துப்பறிய ஆரம்பித்தவள்.

"முதல்ல உட்காருங்க. பேரு?"

"தமிழரசி. சாங்வில இருக்கேன்."

"லேப்டாப்புக்கு என்ன?"

"திடீர் திடீர்னு தானா அணைஞ்சு போவுது மேடம். பழசுதான். ஆனா முன்னால இப்படி இல்ல."

"எங்க மாமாவும் இதே கேஸ்," என்றது ஜன்னலோரத்திலிருந்து ஒரு குரல். "பேசிட்டே இருப்பாரு, பட்டுனு தூங்கிடுவாரு. ஏஜ் ஆயிடுச்சுன்னா எல்லாம்..."

"பெட்டி!" என்றாள் ஜோசபின்.

தமிழரசி திடுக்கிட்டு லேப்டாப் பையைப் பார்த்தாள்.

"அந்தப் பெட்டி இல்லக்கா. என் பேரு பெட்டி. எலிசபெத்தைச் சுருக்கிட்டாங்க," என்றபடி முன்னால் வந்தாள் ஜோசபினின் உதவியாளர். முப்பதைத் தொட்டவள். மராத்தி ஊரான கட்கியிலேயே பிறந்து வளர்ந்ததால் தமிழ் பேச வரும், படிக்க வராது. சும்மா இருக்க மட்டும் எந்த பாஷையிலும் வராது.

"அச்சுதன் யாரு? அதுலேர்ந்து சொல்லுங்க," என்றாள் ஜோசபின்.

தமிழரசி சொன்னாள். நடுவில் எங்கும் அழவில்லை.

அவள் கணவன் மாடசாமி போசரியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தான். இரும்புத் தகட்டை அழுத்தி வண்டிகளுக்குப் பாகம் செய்கிற பிரஸ் மிஷின். அதற்கு முன்னால் ஒரு தடுப்புக் கதவு உண்டு. கதவு திறந்திருந்தால் மிஷின் இயங்காது. கதவின் ஓரத்தில் ஒரு காந்தம், மிஷின் சட்டத்தில் ஒரு சுவிட்ச். காந்தம் பக்கத்தில் வந்தால்தான் கதவு மூடிவிட்டது என்று மிஷின் நம்பும்.

"சீக்கிரமா உருப்படி எடுக்கணும்னா, கதவைத் திறந்து திறந்து மூட சில பேருக்குப் பொறுமை இருக்காது. வேற ஒரு காந்தத்தைக் கொண்டு போயி அந்த சுவிட்சுல ஒட்டிருவாவ. கதவு திறந்தே கெடக்கும். மூடியிருக்குன்னு மிஷின் நெனச்சுக்கிடும்." தமிழரசி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "போன மழைக்காலத்துல ஒரு நாள், தகடு சிக்கிக்கிட்டுன்னு எங்க வீட்டுக்காரரு உள்ள குனிஞ்சாவ. கதவு திறந்துதான இருக்கு, மிஷின் ஓடாதுன்னு நம்பிக் குனிஞ்சாவ."

பெட்டி ஒரு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள்.

"சுவிட்சுல காந்தம் ஒட்டியிருந்திச்சு. அதை ஒட்டினது அவியளேதான்னு அறிக்கை குடுத்துட்டாவ. அச்சுதன்தான் அங்க மேனேஜர். அவன் கையெழுத்து. தன் சாவுக்குத் தானே காரணமாம். கூட வேலை பார்த்தவங்க பாதிப் பேரு துக்கத்துக்கே வரல. இன்னைக்கும் பஸ் ஸ்டாப்புல என்னைப் பாத்தா மொகத்தைத் திருப்பிக்கிடுதாவ. அச்சுதன் மட்டும் புது வீடு கட்டிப் பால் காய்ச்சுதான்."

"மாடசாமி ஒட்டலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சாவதுக்குக் கொஞ்ச நாள் முந்தி, சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது சொன்னாவ மேடம். 'அரசி, இந்த லேப்டாப்பை யாருக்கும் குடுத்துராத. பழசுன்னு தூக்கியும் போட்டுராத. கம்பெனில ஒரு தப்பு நடக்கு. ஆதாரம் இதுக்குள்ளதான் இருக்கு'ன்னு. என்ன தப்புன்னு கேட்டேன். 'நானே பேசிச் சரி பண்ணிருவேன். நீ மனசைப் போட்டு அலட்டாத'ன்னுட்டாவ."

"பேசிச் சரி பண்ணிடுவேன்னாரா?" ஜோசபின் ஒருமுறை திரும்பக் கேட்டாள்.

"ஆமா. அந்த அச்சுதன்ட்ட பேசப் போயிருப்பாவ. அதுக்குத்தான் அவன் இப்படிப் பண்ணிட்டான்."

"லேப்டாப்புல தேடிப் பார்த்தீங்களா?"

"தேட விட்டாத்தான! மடில வச்சு உக்காருவேன். பாதில அணைஞ்சிரும். மறுபடி போடுவேன். மறுபடி அணைஞ்சிரும். என் தம்பி இசக்கிமுத்து அதே கம்பெனில சூப்பர்வைசரா இருக்கான். நிக்டில வீடு. அவன்தான் பாவம், கடை கடையாத் தூக்கிட்டு அலைஞ்சான். பேட்டரி மாத்தினான். ஃபேன்ல தூசி எடுத்தான். உள்ள இருக்க மெமரியை மாத்தினான். ஒண்ணும் கேக்கல. கடைசில வைரஸா இருக்கும்னு சொல்லி எல்லாத்தையும் அழிச்சுப் புதுசாப் போட்டுக் குடுத்தான். அதுல இருந்த படமெல்லாம் போச்சு. அப்பவும் அணையுது!"

"எல்லாத்தையும் அழிச்சாச்சுன்னா நாங்க எதைக்கா எடுக்கிறது?" என்றாள் பெட்டி.

"அழிச்சாலும் மீட்டு எடுக்கலாம்னு சொல்லுதாவளே. ஆதாரம் வெளிய வந்துரக் கூடாதுன்னு அச்சுதன்தான் ஆள் வச்சு இதை இப்படிக் கெடுத்திருக்கான். என் தம்பியும் அதைத்தான் சொல்லுதான். நெதம் சாயங்காலம் வீட்டுக்கு வருவான். அச்சுதன் பண்ணுத அக்கிரமத்தை ஒண்ணொண்ணா சொல்லுவான். கேக்கக் கேக்க எனக்கு நெஞ்செல்லாம் எரியும்."

ஜோசபின் லேப்டாப்பைத் திறந்து பட்டனை அழுத்தினாள். கிழவர் மாடிப்படி ஏறுவதுபோல மூச்சிரைத்துக்கொண்டு அது எழுந்தது.

"ஒரு மிஷின் ஏன் அணையுதுன்னு எல்லாக் கடையிலும் கேட்டிருக்காங்க," என்றாள். "எப்போ அணையுதுன்னு நாம கேட்போம்."

பெட்டி ஏதோ ஒரு மராத்திப் படத்தை அதில் ஓட விட்டாள். மேஜைமேல் படம் ஓடியது. கதாநாயகி கல்யாணம் செய்து, கணவனைப் பிரிந்து, மறுபடி சேர்ந்தாள். லேப்டாப்பின் அடிப்பாகம் தோசைக்கல் மாதிரிக் கொதித்தது. அணையவில்லை.

"ஆன்ட்டி, உங்களைப் பார்த்து பயந்துட்டுது," என்றாள் பெட்டி.

"ஆபீஸ்ல ஆன்ட்டி வேண்டாம்னு சொல்லியிருக்கேன்."

"வீட்டுல இப்படித்தான் மேடம், நான் தொட்டா மட்டும் போயிரும்," என்று தமிழரசி பொறுமையிழந்து லேப்டாப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கால்மேல் கால் போட்டிருந்தாள். வலது முழங்கால் சற்று உயர்ந்திருந்தது.

திரையில் இருந்த கதாநாயகி அப்படியே உறைந்தாள். 'ஷட்டிங் டவுன்' என்று எழுத்து வந்தது. ஒரு சின்ன வட்டம் சுற்றியது. பிறகு கறுப்பு.

"பாத்தியளா! பாத்தியளா!"

"பக்கா ஹீட் பிராப்ளம்," என்று விரலைச் சொடுக்கினாள் பெட்டி. "மடில வச்சா புடவை போய் ஃபேன் ஓட்டையை அடைக்குது. சூடு ஏறுது. பந்த். கேஸ் கலாஸ். வாங்க, கீழ போய் சூடா பன் சாப்பிடலாம்."

"மேஜைமேல கொதிச்சப்போ ஏன் அணையல?"

பெட்டியின் பன் கனவு அந்தரத்தில் நின்றது.

"இன்னொண்ணு," என்றாள் ஜோசபின். "பேட்டரி கெட்டாலோ கரண்ட் போனாலோ எப்படி அணையும்?"

"பட்டுனு. சொல்லாம கொள்ளாம."

"இது?"

"இது..." பெட்டி யோசித்தாள். "இது எழுத்து காட்டுச்சு. வட்டம் சுத்திச்சு. நல்ல பிள்ளையா எல்லாத்தையும் மூடி வச்சுட்டுப் போச்சு."

"அதுதான். சீக்கு வந்து சாகிற மிஷின் விடை வாங்கிட்டுப் போகாது. யாரோ போன்னு உத்தரவு போட்டா இப்படித்தான் போகும். இதுக்கு யாரோ உத்தரவு போடுறாங்க."

"பேயா ஆன்ட்டி?"

"பேய்க்கு கம்ப்யூட்டர் தெரியாது. உன் டிபன் பாக்ஸைக் கொடு."

லேப்டாப்பை மறுபடி எழுப்பி மேஜைமேல் வைத்து, இடது பக்கம் டிபன் பாக்ஸை முட்டுக் கொடுத்தாள் ஜோசபின். வலப்பக்கம் சரிந்தபடி லேப்டாப் சாதுவாக ஓடியது. டிபன் பாக்ஸை எடுத்து வலது பக்கத்துக்கு மாற்றினாள். உள்ளே எங்கோ 'டிக்' என்று மெல்லிய சத்தம். எழுத்து, வட்டம், கறுப்பு.

"சூடும் இல்ல, வயசும் இல்ல. சரிவு," என்றாள். "தமிழரசி, இதோட மூடியை மூடினா என்ன ஆகும்?"

"அணைஞ்சிரும். அப்படித்தான் அவிய வச்சிருந்தாவ, பேட்டரி மிச்சம்னு. தம்பி புதுசாப் போட்டப்பவும் அதை மட்டும் முன்ன மாதிரியே வைக்கச் சொன்னேன்."

"மூடி மூடியாச்சுன்னு லேப்டாப்புக்கு எப்படித் தெரியும்? மூடியில ஒரு சின்னக் காந்தம் இருக்கும். கீழ அதை மோப்பம் பிடிக்கிற ஒரு சில்லு இருக்கும். காந்தம் கிட்ட வந்தா, மூடியாச்சுன்னு நம்பிடும். ஆக, இங்க நடக்கிறது என்னன்னா, மூடி திறந்துதான் இருக்கு, ஆனா மூடியிருக்குன்னு மிஷின் நினைச்சு..."

ஜோசபின் பாதியில் நிறுத்தினாள்.

தமிழரசி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். இதே வாக்கியத்தை அவள் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் வேறொரு மிஷினைப் பற்றிச் சொல்லியிருந்தாள்.

பெட்டி மேஜை டிராயரை இழுத்தாள். "நூல் இருக்கா ஆன்ட்டி?"

நூலில் ஒரு குண்டூசியைக் கட்டித் தொங்கவிட்டு, லேப்டாப்பைச் சுற்றி மெதுவாக நடத்தினாள் ஜோசபின். முன்பக்கம், சும்மா ஆடியது. இடது பக்கம், ஒன்றுமில்லை. வலது பக்கம் பாதி தூரம் போனதும் குண்டூசி தலையைத் திருப்பி, தாவிப் போய் ஒட்டிக்கொண்டது.

அங்கே ஒரு நீளமான பிளாஸ்டிக் மூடி இருந்தது.

"இது என்ன இடம்?"

"முன்னால இதுலதான் சிடி போட்டுப் படம் பாப்போம்," என்றாள் தமிழரசி. "அது கெட்டுப் போச்சுன்னு அவியளே கழட்டி எறிஞ்சிட்டாவ. இப்ப வெறும் மூடிதான். உள்ள ஒண்ணும் கெடையாது."

"இருக்கு. 'இதுக்குள்ளதான் இருக்கு'ன்னு உங்க வீட்டுக்காரர் சொன்னாரே, அவர் நிஜமாவே உள்ளேன்னுதான் சொல்லியிருக்கார். நாமதான் எல்லாரும் ஸ்கிரீன்ல தேடிட்டிருந்தோம்."

ஒரே ஒரு திருகாணி. மூடி கழன்றது. லேப்டாப்பைச் சாய்த்ததும் பனியன் துணியில் சுற்றிய ஒரு வட்டமான பொருள் வழுக்கிக்கொண்டு வந்து ஜோசபினின் உள்ளங்கையில் விழுந்தது. துணியைப் பிரித்தாள்.

தங்க நிறம் பூசிய சின்ன வட்டு. அடிப்பக்கம் கறுப்புக் காந்தம். மேல்பக்கம் அரிசி மணி அளவில் இரண்டு முண்டுகள், மேலே இருந்த எதையோ ஒடித்து எடுத்த மாதிரி.

"இதை மிஷின்லேர்ந்து மாடசாமி கழட்டியிருக்கார்," என்றாள் ஜோசபின் நிதானமாக. "கழட்டிக் கொண்டு வந்து ஒளிச்சு வச்சிருக்கார். ஒட்டினவன் அப்புறமா வேற காந்தத்தை ஒட்டியிருக்கான். அந்த ரெண்டாவதுதான் அவர் உயிரை எடுத்திருக்கு. கழட்டின ஆளைத்தான் ஒட்டின ஆள்னு எழுதிட்டாங்க."

பெட்டி குனிந்து பார்த்தாள். "மேல என்னமோ உடைஞ்சிருக்கே. ஆன்ட்டி, இது பாதம்! ரெண்டு குட்டிப் பாதம். விரல்கூட இருக்கு. ஏதோ பொம்மையோட அடிப்பாகம்."

தமிழரசி கையை நீட்டினாள். ஜோசபின் வட்டை அதில் வைத்தாள். அவள் அதை வெகுநேரம் பார்த்தாள். பிறகு விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி அதை மூடிக்கொண்டாள்.

"இது எதுலேர்ந்து வந்ததுன்னு தெரியுதா?"

தமிழரசி வாசல் பக்கம் திரும்பினாள்.

"தமிழரசி?"

"நிக்டிக்குப் போணும் மேடம். தம்பி வீட்டுக்கு. இன்னைக்கு ஞாயித்துக்கெழமை, வீட்லதான் இருப்பான்." குரலில் சூடே இல்லை. "அவன் பாத்தா சொல்லிருவான்."

அவள் முதலில் படியிறங்கினாள். பெட்டி குடையைத் தேடி எடுத்துக்கொண்டு பின்னால் ஓடப் பார்த்தபோது, ஜோசபின் அவள் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வந்ததுலேர்ந்து அச்சுதன் பேரை எத்தனை தடவை சொன்னா?"

"எண்ணல. எண்ணணும்னா கால்குலேட்டர் வேணும்."

"அந்த வட்டைப் பார்த்ததுக்கு அப்புறம்?"

"ஒரு தடவைகூட இல்ல," என்றாள் பெட்டி.

*

ஆட்டோ ரிக்ஷா தாபோடி பாலத்தைத் தாண்டி, பிம்ப்ரி, சிஞ்ச்வட் என்று மழைக்குள் ஓடியது. மூன்று பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். தமிழரசியின் வலது கை மடியில் இறுக மூடிக் கிடந்தது. ரிக்ஷாக்காரன் இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, ரேடியோவைத் தானே நிறுத்திவிட்டான்.

நிக்டியில் ஒரு காலனிக் குடியிருப்பு. கீழ்த்தளத்தில், வெள்ளைக் காரின் பக்கத்தில் நின்று யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தான் இசக்கிமுத்து. டி-ஷர்ட்டும் லுங்கியுமாக, வாரம் முழுக்க ஓய்வுக்கு ஏங்கியவனின் முகத்தோடு இருந்தான். அக்காவைப் பார்த்ததும் போனை வைத்தான்.

"என்னக்கா, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கே? இப்படியா நனைவ! மேல வா. இவங்க யாரு?"

"லேப்டாப்பைச் சரி பண்ணுதவங்க."

"நமஸ்தே," என்றாள் பெட்டி. "ஹோம் சர்வீஸ்."

இசக்கியின் பார்வை ஜோசபினிடம் போய்விட்டு அக்காவிடம் திரும்பியது. "சரியாயிட்டா?"

"சரியாயிட்டு."

"என்ன... என்ன கோளாறாம்?"

"காரைத் திற. சாரல் அடிக்கி. உள்ள உக்காந்து சொல்லுதேன்."

"மேலயே போலாமே அக்கா, பிள்ளைகளெல்லாம்..."

"திறல."

அவன் திறந்தான். தமிழரசி முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். அவன் ஸ்டியரிங்கின் பின்னால் உட்கார்ந்தான். ஜோசபினும் பெட்டியும், யாரும் அழைக்காமலே, பின்கதவைத் திறந்து ஏறினார்கள்.

டேஷ்போர்டில் ஒரு சின்ன முருகன் சிலை. கையில் வேல், முதுகுக்குப் பின்னால் மயில். இசக்கி கார் வாங்கியபோது தமிழரசி திருச்செந்தூரில் வாங்கி, சந்நிதியில் வைத்து எடுத்து, ரயிலில் மடியிலேயே வைத்துக் கொண்டு வந்து கொடுத்தது. கீழே காந்தம் வைத்த சிலை, எத்தனை மேடு பள்ளத்திலும் விழாது என்று கடைக்காரர் சொல்லித் தந்தது.

இப்போது அந்த முருகனுக்குக் கணுக்காலுக்குக் கீழே எதுவும் இல்லை. சாம்பல் நிறப் பிசின் ஒன்றை உருட்டி அப்பி, அதில் நட்டு வைத்திருந்தார்கள்.

தமிழரசி கையை விரித்து, தங்க நிற வட்டை எடுத்துச் சிலைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"ஏலே இசக்கி. முருகனுக்குக் காலு எங்கல?"

கார் கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருந்தது. இசக்கி வட்டைப் பார்த்தான். சிலையைப் பார்த்தான். உதட்டை நாக்கால் ஈரப்படுத்திக்கொண்டான்.

"அது... உடைஞ்சு போச்சுக்கா. ஒரு நாள் குழில வண்டி இறங்கி..."

"குழில உடைஞ்ச காலு எங்க வீட்டு லேப்டாப்புக்குள்ள எப்படில போச்சு?"

"எனக்கென்ன தெரியும்? யாராச்சும் வண்டிலேர்ந்து எடுத்திருப்பாவ. அச்சுதன் ஆளுங்க..."

"அச்சுதனோட ஆளுங்க எடுத்திருந்தா, மாடசாமி அதைக் கையோட கொண்டு போய்ப் புகார் கொடுத்திருப்பார்," என்றது பின்சீட்டிலிருந்து ஜோசபினின் குரல். "அவர் புகார் கொடுக்கல. வீட்டுக்குக் கொண்டு வந்து ஒளிச்சு வச்சார். ஏன்? இந்தப் பாதத்தைப் பார்த்ததும் யார் காரோட சிலைன்னு அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. 'நானே பேசிச் சரி பண்ணிடுவேன்'னு உங்க அக்காகிட்ட சொல்லியிருக்கார். மேனேஜரைப் பத்தி யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்க இசக்கிமுத்து. வீட்டு மனுஷனைப் பத்தித்தான் சொல்வாங்க."

"நீங்க யாருங்க இதெல்லாம் பேச?"

"நான் ஒண்ணு கேக்கவா அண்ணா?" என்று முன்னால் சாய்ந்தாள் பெட்டி. "செத்துப்போன அத்தானோட போட்டோ எல்லாம் அந்த லேப்டாப்ல இருந்துச்சு. அக்காவுக்கு அது உசிரு. அதுல எதையும் காப்பி எடுக்காம மொத்தமா துடைச்சீங்களே, ஏன்? எங்க பஜார்ல மொபைல் கடைக்காரன்கூட ரெண்டு தடவை கேட்டுட்டுத்தான் அழிப்பான். நீங்க ரிப்பேர் பண்ணப் போகல. தேடப் போனீங்க. கிடைக்கலைன்னதும் ஒரேயடியா சாஃப் பண்ணிட்டீங்க."

இசக்கி திரும்பவில்லை. அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த முகத்தில் அவன் என்ன தேடினானோ, அது அங்கே இல்லை. அவன் தோள்கள் தளர்ந்தன.

"ஒரு ஷிப்டுக்குன்னுதான் வச்சேன் அக்கா," என்றான். "உருப்படி குறையுதுன்னு மீட்டிங்ல எல்லார் முன்னாலயும் என்னைக் காய்ச்சுவான் அச்சுதன். பக்கத்து லைன்காரன் சிரிப்பான். கையில வேற காந்தம் இல்ல. வண்டிலேர்ந்து இதை ஒடிச்சு எடுத்துட்டுப் போயி வச்சேன். அத்தான் பாத்துட்டாவ. கழட்டிட்டாவ. என்னைக் கேன்டீனுக்குப் பின்னால கூப்பிட்டு, 'இன்னொரு தடவை வச்சேன்னா அரசிட்ட சொல்லிருவேன்'னாவ. அச்சுதன்ட்ட சொல்லுவேன்னு சொல்லலக்கா. உன்ட்ட சொல்லுவேன்னாவ."

"பொறவும் வச்ச."

"அத்தான் அந்த மிஷின் ஆளே இல்ல. அன்னைக்கு ஒருத்தன் லீவு போட்டான். அவனுக்குப் பதிலா வந்து நின்னுட்டாவ. எனக்குத் தெரியாது. சத்தியமா எனக்குத் தெரியாது. சத்தம் கேட்டு ஓடுனப்பதான்..."

"அவியளேதான் ஒட்டிக்கிட்டாவன்னு எழுதினது யாரு?"

இசக்கி ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

"யாருன்னு கேக்கேன்."

"நான்தான் எழுதிக் குடுத்தேன். அச்சுதன் படிச்சுக்கூடப் பாக்கல. கையெழுத்துப் போட்டுட்டான்."

அடி விழும், அலறல் வரும், கண்ணாடி உடையும் என்று பெட்டி எதிர்பார்த்தாள். தமிழரசி அவனைத் தொடவே இல்லை.

"நெதமும் சாயங்காலம் வருவியே," என்றாள். "என் கையால சோத்தை வாங்கித் தின்னுட்டு, அச்சுதன் அச்சுதன்னு எனக்கு வெறியேத்திட்டுப் போவியே. நான்கூட நெனச்சேன், அவியளுக்காக எங்கூட எரியுததுக்கு எனக்கு ஒரு தம்பி இருக்கான்னு. நீ எதுக்கு வந்திருக்கன்னு இப்பல்லா புரியுது. அந்த வெறி உன் பக்கம் திரும்பிராமப் பாத்துக்கிட வந்திருக்க."

"அக்கா..."

தமிழரசி சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டாள். காலில்லாத முருகனுக்குப் பக்கத்திலிருந்து வட்டை எடுத்து ஜோசபினிடம் நீட்டினாள். ஜோசபின் அதைப் பனியன் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தாள்.

"வண்டியை எடு."

"எங்கக்கா?"

"போசரி போலீஸ் ஸ்டேஷன். நான் உன்னைப் புடிச்சுக் குடுக்க மாட்டேன். நீயே ஓட்டிட்டுப் போணும். நீயே இறங்கணும். இப்ப எங்ககிட்ட சொன்னதை வார்த்தை மாறாம நீயே சொல்லணும். நான் பக்கத்துல நின்னு கேப்பேன்."

"அம்மாவுக்குத் தெரிஞ்சா உசிரை விட்டுருவா அக்கா."

"அவளுக்கும் நானே போன் போட்டுச் சொல்லுவேன். எடு வண்டியை."

இசக்கி லுங்கியோடும் ரப்பர் செருப்போடும் காரைக் கிளப்பினான். மாடி பால்கனியிலிருந்து அவன் மனைவி எட்டிப் பார்த்து ஏதோ கேட்டாள். வண்டி கேட்டைத் தாண்டியது.

ஸ்பைன் ரோட்டில் மழை கொட்டியது. தினமும் வேலைக்குப் போகிற வழி. அவன் கைகள் தாமாக வண்டியைத் திருப்பின. ஒவ்வொரு சந்திப்பிலும் அவன் வேகத்தைக் குறைத்து அக்காவைப் பார்த்தான். அவள் ரோட்டை மட்டும் பார்த்தாள். ஓரிடத்தில் அவன் இண்டிகேட்டர் போட்டு ஓரம் கட்டப் பார்த்தபோது, "நேரா," என்றாள். அவ்வளவுதான். வண்டி நேராகப் போனது.

பின்சீட்டில் பெட்டி ஜோசபினின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜோசபின் விடுவித்துக்கொள்ளவில்லை.

"அச்சுதனை விட்டுருவியாக்கா?" என்றான் இசக்கி. "அவனும்தான கையெழுத்துப் போட்டான்?"

"படிக்காமப் போட்டவன் எங்க ஓடிருவான்? அவனுக்கும் இருக்கு. முதல்ல நீ."

போசரிக்கு முன்னால் சிக்னலில் சிவப்பு விழுந்தது. வண்டி நின்றது. இசக்கி ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் கூப்பினான்.

"அத்தானே என்னை மன்னிச்சிட்டாவ அக்கா. கடைசி வரைக்கும் யார்ட்டயும் சொல்லல. அவியளே மன்னிச்சிட்டாவ."

தமிழரசி அப்போதுதான் அவன் பக்கம் திரும்பினாள்.

"ஆமால. அவிய மன்னிச்சாவ. அதான் செத்தாவ." ஈரப் புடவையின் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "நான் மன்னிக்கப் போறதில்ல. பச்சை விழுந்துட்டு பாரு. வண்டியை எடு."